ஒரு வரி பிந்தி வந்த குரல்

மாமா,

ஆராதனை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல் எழுதுகிறேன். மலேசியாவின் ஜொகூரில் குடியிருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்டதில், அந்த இமிகிரேஷன் வரிசை எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

இன்றும் வரிசையில் நின்றபடியே போனில் எங்களோடு பாடினீர்கள். ஆனால் உங்கள் குரல் ஒரு வரி பிந்தித்தான் திருமுல்லைவாயில் வந்து சேர்ந்தது. நாங்கள் பாடி முடித்து உட்கார்ந்த பிறகும், என் மடியிலிருந்த போனில் நீங்கள் மட்டும் கணீரென்று பாடிக்கொண்டிருந்தீர்கள். வெட்கமாகிவிட்டது எனக்கு. அணைக்கப் போனேன்.

பின்பெஞ்சு கிளாடிஸ் அக்கா, "இன்னாத்துக்கு கட் பண்றே? அண்ணாத்தே பாடிக்கினுதானே கீறாரு, முடிக்கட்டும்!" என்று அதட்டினாள். சபை மொத்தமும் உங்களுக்காக மறுபடி எழுந்து நின்றது, மாமா.

கடைசி வரியின் பாதியில் யாரோ அதிகாரி உங்களை அதட்டியது கேட்டது. போன் நின்றுவிட்டது. பாழாய்ப் போனவன், இன்னும் நாலு வார்த்தை பொறுத்திருக்கக் கூடாதா!

மிச்சத்தைச் சபையே பாடி முடித்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். லீவுக்கு அவசரமில்லை. அந்த நாலு வார்த்தை மட்டும் பாக்கி இருக்கிறது. வரும்போது சேர்ந்து பாடிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்காரி