உன் காரும் எங்கள் இரண்டு சைக்கிளும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். உடம்பைப் பற்றித்தான் சொன்னேன், மனசைப் பற்றிக் கேட்காதே, வயிறு எரிந்துகொண்டிருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார், உன் காரைப் பற்றி நான் வாயைத் திறந்தால் என் முழங்கையைக் கிள்ளுகிறார், நீயும் அந்தப் பேச்சு வந்த உடனே சிக்னல் சரியில்லை அம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், மதிய இடைவேளையில், மடித்து அடுக்கிய போர்வைகளின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், அப்பாவுக்குத் தெரியாது, வீட்டுக்குப் போகிற வழியில் நானே தபாலில் போட்டுவிடுவேன். எனக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு பதில் வேண்டும். வருகிறாயா, வரவில்லையா? ஒரு வருஷத்தில் வந்துவிடுவேன், அதுவரை என் காரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய், மூன்று வருஷம் முடிந்துவிட்டது. வருவதும் வராததும் உன் இஷ்டம், நீ வளர்ந்த பிள்ளை, ஆனால் உன் பதில் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு திருகாணியைக்கூடத் திருக முடியவில்லை.

என் முழங்கால் இரண்டும் ஈரத்தரையில் நின்று நின்று தேய்ந்துபோனது உனக்குத் தெரியும். டாக்டரம்மா, மாடிப்படி கூடாது, நிறைய நடக்கக்கூடாது, சைக்கிள் மிதியுங்கள், மூட்டுக்கு அது ஒன்றுதான் நல்லது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிதிக்காவிட்டால் அடுத்த வருஷம் ஆப்பரேஷன்தான் என்றும் சொன்னார், அதை உன்னிடம் சொல்ல அப்பா விடவில்லை, பிள்ளை கவலைப்படுவானாம். கல்யாணத்துக்கு முன்னால் விட்ட சைக்கிளை இந்த வயதில் மறுபடி பழகினேன், இரண்டு தடவை விழுந்தேன், மூன்றாம் தடவை ஓட்டிவிட்டேன், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. அப்பாவும் துணைக்கு ஒன்று வாங்கிக்கொண்டார். வாங்கி என்ன செய்ய? நம் தெருவில் மிதிக்க முடியுமா? முனையில் சிமெண்ட் கிடங்கு வந்ததிலிருந்து லாரிக்குப் பின்னால் லாரி, தெருவைக் கடப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. மிதிக்க லாயக்கான இடம் அணைக்கரை ரோடு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அங்கே வண்டிகளை நிறுத்திவிட்டு சைக்கிள்காரர்களை விடுகிறார்கள், ஏழு மணிக்கு கேட்டை மூடிவிட்டால் அதற்கப்புறம் யாரையும் உள்ளே விடுவதில்லை. வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். நம் பழைய வேன் இருந்திருந்தால் இரண்டு சைக்கிளையும் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருப்போம், அது போன மழைக்காலத்தோடு மூச்சை விட்டுவிட்டது. மிச்சம் இருப்பது உன் கார். இரண்டே சீட், அதிலும் படுத்த மாதிரி காலை நீட்டி உட்கார வேண்டும், டிக்கியில் ஒரு காய்கறிப் பையை வைத்தால் இன்னொரு பைக்கு இடமில்லை. நான் அதற்கு சோப்புப்பெட்டி என்று பேர் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை, அவர் ஒரு நாளும் அதை நம் கார் என்று சொன்னதில்லை, அவன் வண்டி என்றுதான் சொல்வார்.

பக்கத்துத் தெரு வெல்டர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் ஒரு இரும்புச் சட்டம் பூட்டிவிடுகிறேன், இரண்டு சைக்கிளும் அதில் நின்றுகொண்டே வரும், நாலு ஓட்டை போட்டால் போதும், ஒரு நாள் வேலை என்றார். எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். அப்பா, அவனைக் கேட்காமல் ஒரு ஊசி ஓட்டைகூடப் போடக்கூடாது என்று வெல்டரை அனுப்பிவிட்டார். உன்னைக் கேட்டோம். நீ என்ன சொன்னாய்? "ஓட்டை கீட்டை போட்டுடாதீங்கப்பா, நான் வந்து பாத்துக்கறேன்" என்றாய். எப்போது வந்து என்று நான் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. பத்து நாளில் ஒரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் தட்டு அகலத்துக்கு ரப்பர் கப்புகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன பம்ப், காரின் கூரையில் ஒட்டவைத்துப் பம்பை அழுத்தினால் காற்று வெளியேறி உடும்பு மாதிரி பிடித்துக்கொள்ளும், ஓட்டை வேண்டாம், பெயிண்டுக்கும் சேதமில்லை. காலமெல்லாம் கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற மனுஷருக்கு இதைவிட என்ன வேண்டும், ஆள் உயரக் கண்ணாடியை இதே மாதிரி கப்பால்தானே தூக்குகிறார்கள். "பாத்தியா, எம்புள்ள என் தொழிலையே பார்சல்ல அனுப்பியிருக்கான்" என்று தெரு முழுக்கக் காட்டினார். எனக்குக்கூட ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அந்தச் சந்தோஷம் முதல் ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது. சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தைக் கூரையில் மூன்று கப்பால் ஒட்டிய கட்டையில் பூட்டி, பின்சக்கரத்தை டிக்கி மூடியின் மேல் ஒட்டிய இன்னொரு கப்பில் கட்ட வேண்டும். இரண்டு சைக்கிளுக்கும் அப்படி. கழற்றிய முன்சக்கரங்கள் எங்கே போகும்? என் மடியில். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, துணியெல்லாம் கிரீஸ், எதிரே ரோடு தெரியாது, மூக்குக்கு நேராகக் கம்பி, இப்படி முக்கால் மணி நேரம். அது முக்கால் மணி நேரமாக இருந்தாலாவது பரவாயில்லை. அந்தப் பம்பில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது, அது வெளியே தெரிந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி அழுத்த வேண்டும். கண்ணாடி வேலையில் அதை அடிக்கொரு தடவை பார்ப்பார்களாம். அதனால் அப்பா மூன்று மைலுக்கு ஒரு தடவை ஓரம் கட்டி, இறங்கி, சுற்றி வந்து, எட்டு கப்பின் கோட்டையும் பார்த்து, தட்டிப் பார்த்து, திரும்ப ஏறுவார். ஏறுவது லேசுப்பட்ட காரியமா, முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார், அதைச் சரிசெய்து உட்காரவே இரண்டு நிமிஷம். முதுகு வலி என்றார், நானும் நம்பினேன். நாங்கள் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழே கால். அடுத்த வாரம் ஏழு பத்து. அதற்கடுத்த வாரம் ஏழு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது, சக்கரத்தை மாட்டுவதற்குள் மூடிவிட்டார்கள். நாலாவது வாரம் வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும், "என்னம்மா, இன்னைக்கும் சைக்கிளுக்கு அணையைக் காட்டக் கூட்டிட்டு வந்தீங்களா" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வேகமாக ஓட்டுங்கள், இது அதற்காகவே செய்த கார் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல் சொல்லிப் பார்த்துவிட்டேன், சைக்கிள் பின்னால் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்பார். பின்னால் பார்க்கத்தான் கண்ணாடி இருக்கிறதே என்றால் தலையணையைத் தட்டிச் சரிசெய்வார்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் உன் காருக்கு மெழுகு போடும் நாள். மாதம் ஒரு தடவை போடாவிட்டால் பெயிண்ட் மங்கிவிடும் என்று நீ சொன்னதை வேண்டுதல் மாதிரி செய்துகொண்டு வருகிறார். பளபளவென்று தேய்த்துவிட்டு, மறுநாள் விடியற்காலை அதன் மேலேயே கப்பை ஒட்டிவிட்டார். கண்ணாடிக்கு யார் மெழுகு போடுகிறார்கள், ஈரத்துணியால் துடைத்தால் பிடித்துக்கொள்ளும், அந்தப் பழக்கம். பாலத்தைத் தாண்டி ஒரு வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டது, டிக்கி மேல் இருந்த கப் மெழுகில் வழுக்கிவிட்டது. எங்களுக்குத் தெரியாது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறார், அப்பா அவர் முந்திப் போகக் கேட்கிறார் என்று நினைத்து, போ போ என்று கையைக் காட்டுகிறார். கடைசியில் அவர் பக்கத்தில் வந்து, "பெரியவரே, உங்க சைக்கிள் தொங்குதுய்யா" என்று கத்தின பிறகுதான் நிறுத்தினோம். என் சைக்கிளின் பின்பாதி பக்கவாட்டில் சரிந்து, சக்கரம் ரோட்டில் இழுபட்டு அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது, பெடல் உன் காரில் டிக்கியிலிருந்து விளக்கு வரைக்கும் ஒரு கோடு போட்டிருந்தது. அப்பா என் சைக்கிளைப் பார்க்கவே இல்லை. அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே, "அவங்கிட்ட நான் என்ன சொல்லுவேன்" என்று ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மடியில் இருந்த சக்கரங்களைக் கீழே போட்டேன், ஒன்று உருண்டு வாய்க்காலில் விழுந்தது. கண்ணாடியில் ஒரு தடவை பார்த்திருந்தால் இது நடக்குமா, ஏன் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கத்தினேன்.

அப்போதுதான் சொன்னார். கண்ணாடியில் அவருக்குக் கூரைதான் தெரிகிறதாம். நீ உன் உயரத்துக்குத் திருப்பி வைத்தது, மூன்று வருஷமாக அதை அவர் தொடவில்லை. சீட்டையும் தொடவில்லை. நீ என் அண்ணன் மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தவன், அப்பாவுக்கு உன் தோள் உயரம், கால் எட்டவில்லை, அதனால்தான் இரண்டு தலையணை. முதுகு வலியும் இல்லை ஒன்றும் இல்லை. "அவன் வந்து உக்காந்தா வச்சது வச்சபடி இருக்கணும்ல" என்றார். உனக்குத் தெரியுமா, அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அவர் மேல் கொஞ்சம், உன் மேல் நிறைய. அந்த வாரம் முழுக்க அவர் அந்தக் கீறலுக்கு நிறம் தேடி ஒவ்வொரு பெயிண்ட் கடையாக ஏறி இறங்கினார். நிறம் கிடைக்கவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார், நான் செய்யவில்லை.

போன சனிக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு, முதலில் சோப்புத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய் உன் காரின் மெழுகு முழுவதையும் கழுவித் தள்ளினேன். போர்வையில் ஒட்டின மெழுகையே எடுக்கிறவள் நான், இது எனக்கு ஒரு வேலையா. பிறகு முழங்கால் வலியோடு மண்டி போட்டு, தடவித் தடவி சீட்டை நகர்த்துகிற கம்பியைக் கண்டுபிடித்து, இழுத்து முன்னால் தள்ளினேன். மூன்று வருஷத் துரு, கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. இரண்டு தலையணையையும் துவைத்து, அவர் கண்ணில் படுகிற மாதிரி கொடியில் போட்டேன். சாயங்காலம் வந்தார், கொடியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவன் வந்தா?" என்றார். வந்தால் தள்ளிக்கொள்ளட்டும், கை இருக்கிறதல்லவா என்றேன். கதவைத் திறந்து உட்கார்ந்தார், கால் எட்டியது, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அவராகவே கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று போனோம். சைக்கிள் கடைக்காரர் என் சக்கரத்தை ஒருவழியாக நிமிர்த்தி, வாய்க்காலிலிருந்து எடுத்ததையும் கழுவிக் கொடுத்திருந்தார். கண்ணாடியில் இரண்டு பின்சக்கரமும் தெரிந்ததால் அப்பா ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை. ஆறரைக்கே கேட்டில் இருந்தோம். வாட்ச்மேன் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், குறும்புக்கார மனுஷர். முழுச் சுற்றும் மிதித்தேன் கண்ணா, ஒரு பக்கம் பூராவும் தண்ணீர், காற்று முகத்தில் அடிக்கிறது, முழங்கால் முனகவே இல்லை. அந்தக் கோடியில் இளைப்பாற நின்றோம். அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அவன் வர மாட்டான், இல்ல?" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதனால்தான் கேட்கிறேன்.

வருகிறேன் என்றால் தேதியோடு எழுது. வரவில்லை என்றால் அதையும் எழுது, எனக்கு இல்லை, அவருக்கு, உன் கையால். நாங்கள் உடைந்து போக மாட்டோம், உன்னைத் திட்டவும் மாட்டோம், நீ இருக்கிற இடத்தில் நன்றாக இருந்தால் போதும். வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் எழுதாதே, அது பதில் இல்லை. வெல்டரை வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டேன், நாலு ஓட்டைதான், உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன். கீறலுக்குக் கோபம் வந்தால் நேரில் வந்து கோபித்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, யாரோடும் சண்டை வைத்துக்கொள்ளாதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. சீட்டை நகர்த்துகிற கம்பி அடியில் கதவுப் பக்கமாக இருக்கிறது, துருவுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன், இழுத்தால் இப்போது சுலபமாகப் பின்னால் போகும்.

உன்
அம்மா