பூனைக்கு ஏது லெந்து

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன், லெந்து என்கிற நாற்பது நாள் உபவாச காலத்தின் முதல் நாள். காலை ஆராதனை முடிந்து வந்தால் கேட்டருகே முத்தாலம்மாள் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோவளத்திலிருந்து பஸ் பிடித்து இரும்புலியூருக்கு வந்து மீன் விற்கிறவள். எங்களுக்குச் சங்கராவோ வஞ்சிரமோ, பூனை புட்டுவுக்குக் காரப்பொடி மீன். எட்டு வருடமாக இதுதான் வழக்கம்.

“ஈஸ்டர் வரைக்கும் இந்தப் பக்கம் வராதே” என்றேன்.

“இன்னா சார், உங்களுக்கு வாணாம், சரி. பூனைக்கு?”

“வீட்டுக்குள்ள மீன் வாசனையே கூடாது. நாற்பது நாள் தயிர்சோறு தின்னா செத்தா போயிடும்?”

போன வருடம் லெந்து நடுவில் வஞ்சிர வறுவல் வாசனைக்கு நான் விழுந்தது எனக்கும் என் மனைவி தபீதாளுக்கும் மட்டும்தான் தெரியும். இந்த முறை விடுவதாக இல்லை.

மார்ச் 7, வெள்ளி

புட்டு தயிர்சோற்றை முகர்ந்து பார்த்தது. முன்னங்காலால் தரையைப் பிறாண்டி மூடுவதுபோல் செய்துவிட்டுப் போய்விட்டது. மலத்தை மூடுவது போல. என்ன திமிர். பசி வந்தால் தானாகத் தின்னும்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் நின்று பேசும்போது, “எங்க வீட்டுல பூனைகூட உபவாசம்” என்றேன். சபை நண்பர் துரை சிரித்த சிரிப்பில் ஆயரே திரும்பிப் பார்த்தார். அவரிடமும் சொன்னேன். அவரும் சிரித்தார்.

தபீதாள் மட்டும் சிரிக்கவில்லை. வரும் வழியில், “நாலு நாளா ஒண்ணும் சாப்பிடலைங்க, ரெண்டு நக்கு தயிரு அவ்ளோதான்” என்றாள். ஆறு கிலோ இருக்கிற பூனை, கொஞ்சம் இளைத்தால் நல்லதுதான் என்றேன்.

மார்ச் 12, புதன்

மகன் ஜேசனின் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. கூப்பிட்டால் காதை மட்டும் திருப்புகிறது.

அவன் பூனைதான் இது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டை விட்டு இடுப்பளவு தண்ணீரில் வெளியேறும்போது, பள்ளிக்கூடப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். புத்தகத்தையாவது காப்பாற்றினானே என்று நினைத்தேன். பையைத் திறந்தால் உள்ளே ஈரப் புட்டு மாதிரி வெள்ளையாக இது.

இப்போது அவன் நாவலூரில். போன வருடம் ஜனவரியில் சரிதாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அவள் இந்துப் பெண், அவன் ஆபீஸ். சொல்ல வந்த அன்று தட்டில் சோறு போட்டு உட்கார்ந்திருந்தான். “இந்த வீட்டில் இனி உனக்குச் சோறு இல்லை” என்றேன். பிசைந்த கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. அம்மாவுக்கு மட்டும் வியாழக்கிழமைதோறும் போன்.

பூனையைக் கொண்டுபோகிறேன் என்று அம்மா மூலம் கேட்டனுப்பினான். தரமாட்டேன் என்றேன். பூனை மேல் அப்படி ஒன்றும் பாசம் பொங்கவில்லை. பூனை இங்கே இருந்தால் என்றைக்காவது பார்க்க வருவான். இதை இங்கே தவிர வேறு எங்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

காதின் உட்பக்கம் மஞ்சளாக இருந்தது. தபீதாள் மஞ்சள் அரைத்த கையால் தொட்டிருப்பாள் என்று ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. ஈறும் மஞ்சள். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது.

ஆட்டோவில் கிழக்குத் தாம்பரம். டாக்டர் தேவதர்ஷினி சின்னப் பெண்தான், என் பழைய மாணவிகள் வயது. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, “எத்தனை நாளா சாப்பிடலை சார்?” என்றார்.

“ரெண்டு மூணு நாள்.”

“ஒன்பது நாள்” என்றாள் தபீதாள், என்னைப் பார்க்காமல்.

முப்பத்துநாலு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான்.

மார்ச் 15, சனி

கல்லீரல். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. குண்டான பூனை பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளுமாம். அடைத்தால் குமட்டும். குமட்டினால் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் இன்னும் அடைக்கும்.

“ஏன் சாப்பிடறதை நிறுத்துச்சு? வீட்டுல ஏதாவது மாத்தினீங்களா?”

சொன்னேன். டாக்டர் ஃபைலை இழுத்து எழுதிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

கழுத்தில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் கொடுத்த உணவைத் தண்ணீரில் கரைத்து, வெதுவெதுப்பாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, குழாய் வழியாக மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. அவசரப்பட்டால் வாந்தி. முதல் தடவை அவசரப்பட்டேன்.

தபீதாள் பிடித்துக்கொள்கிறாள், நான் தள்ளுகிறேன். பூனை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கோபமாகப் பார்த்தாலாவது தாங்கிக்கொள்ளலாம்.

மார்ச் 20, வியாழன்

நானே பஸ் ஏறி கோவளம் போய் முத்தாலம்மாளைத் தேடிப் பிடித்தேன். வலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மெல்லுவதை நிறுத்தினாள்.

“உன் சாமி உன்னத்தான துன்னாதன்னு சொல்லிச்சு. பூனையவா சொல்லிச்சு? அதுக்கு இன்னா பாவம் கீது, விடறதுக்கு?”

அரை கிலோ காரப்பொடி பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் எழுந்துபோய் நின்றுகொண்டார். வாசனை.

மார்ச் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வேகவைத்த மீனை மூக்கருகே நீட்டினேன். முகத்தைத் திருப்பியது. அந்தப் பக்கம் நீட்டினேன். உதட்டில் தடவினேன். வாந்தி. குழாய் வழியாகப் போனதும் சேர்ந்து வந்துவிட்டது.

ஏன்டா தின்ன மாட்டேங்குற. ஒரு வாய். ஒரே ஒரு வாய் தின்னு. உனக்காகத்தானே வாங்கிட்டு வந்தேன்.

மார்ச் 24, திங்கள்

டாக்டர் இன்று திட்டிவிட்டார். குமட்டுகிற நேரத்தில் பிடித்த சாப்பாட்டை மூக்கில் திணித்தால், அந்தச் சாப்பாட்டையே ஆயுசுக்கும் வெறுத்துவிடுமாம். “வச்சுட்டு நகர்ந்துடுங்க சார். பார்த்துக்கிட்டே நிக்காதீங்க. அது சாப்பிடுதா இல்லையான்னு நீங்க பார்க்கிறது அதுக்குத் தெரியும்.”

வகுப்பில் பரீட்சை எழுதுகிற பிள்ளையின் தலைக்கு மேலே நின்று பார்ப்பது என் பழக்கம். ஜேசன் சாப்பிடும்போதும் அப்படித்தான் நிற்பேன் என்று தபீதாள் சொல்கிறாள்.

மார்ச் 29, சனி

நேற்றும் இன்றும் வாந்தி இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ஜேசன் போன். தபீதாள் ஸ்பீக்கரில் போட்டாள். நான் அறையில் இருப்பது அவனுக்குத் தெரியாது.

“புட்டு சாப்பிட்டாளாம்மா?”

ஒவ்வொரு வாரமும் கேட்கிற கேள்விதான். தபீதாள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

“சாப்பிட்டாப்பா” என்றாள்.

வைத்த பிறகு, “இன்னும் எத்தனை வாரத்துக்கு என்னைப் பொய் சொல்ல வைப்பீங்க?” என்று கேட்டாள். தேறட்டும், நானே சொல்கிறேன் என்றேன். இந்தக் கழுத்தோடு, இந்தக் குழாயோடு அவன் பார்க்க வேண்டாம். என்ன நடந்தது என்று கேட்பான்.

அவனுக்குச் சொல்ல எனக்கு வெட்கம். அதுதான் விஷயம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தின்றது!

தட்டில் ஒரு காரப்பொடியை வைத்துவிட்டு, சொன்னபடி முதுகைத் திருப்பிக்கொண்டு பேப்பர் படித்தேன். படித்தேன் என்ன, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மெல்லிய நறுக் நறுக் சத்தம். திரும்பவில்லை. சத்தம் நிற்கும்வரை அசையவில்லை. பிறகு பார்த்தால் தட்டில் வால் மட்டும் கிடக்கிறது.

தபீதாள் சமையலறை வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

மூன்று மீன். காதில் மஞ்சள் குறைந்திருக்கிறது. என் மடியில் ஏறப் பார்த்தது, முடியவில்லை, தூக்கி வைத்துக்கொண்டேன். எலும்பு குத்துகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. முடிவு செய்துவிட்டேன். ஈஸ்டர் அன்று ஜேசனுக்கு நானே போன் செய்வேன். அதற்குள் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். “சரிதாவையும் கூட்டிக்கொண்டு வா, பூனையைப் பார்” என்று சொல்வேன். பூனையைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கும் கௌரவம் குறையாது. அவனுக்கும்.

தபீதாளிடம் சொன்னேன். “இன்னிக்கே பண்ணுங்களேன்” என்றாள்.

ஒரு வாரம்தானே என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையிலிருந்து தின்னவில்லை. குழாய் வழியாகக் கொடுத்ததும் தங்கவில்லை. குழாய் இறங்கும் இடம் சிவந்து சூடாக இருக்கிறது. டாக்டர் ஊசி போட்டார். சீழ் வைத்திருக்கிறது, உடம்பில் எதிர்க்கத் தெம்பில்லை என்றார். இந்த முறை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

காலை பத்து மணி வேளைக்குச் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்கு அடியில் இல்லை. ஜேசனின் பழைய பள்ளிக்கூடப் பை அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும். அதன் மேல் படுத்திருந்தது, உடம்பு சில்லிட்டு. போய்விட்டது.

சிரிஞ்சில் இருந்ததைத் தொட்டியில் கொட்டிக் கழுவி வைத்தேன்.

பிறகு போன் செய்தேன். பதினைந்து மாதம் கழித்து. இரண்டாவது மணியிலேயே எடுத்தான். “அப்பா? அம்மாவுக்கு என்ன?” என்றான்.

ஏப்ரல் 17, வியாழன்

நேற்று மத்தியானமே வந்தான். சரிதாவும் வந்தாள். ஒல்லியான பெண். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றாள். தபீதாள்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

பின்பக்கம் சீத்தா மரத்தடியில் குழி தோண்டினான். நான் மண்வெட்டியைக் கேட்டேன், தரவில்லை. துண்டில் சுற்றும்போது கழுத்தில் மயிர் மழித்த இடத்தைப் பார்த்தான்.

“எத்தனை நாளா சாப்பிடலை?”

அதே கேள்வி.

“ஒன்பது நாள். லெந்துன்னு நான்தான் மீனை நிறுத்தினேன். தானா தின்னும்னு விட்டுட்டேன். அம்மா சொன்னா, நான்தான் கேக்கல.”

மண்ணைத் தள்ளி முடித்தான். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

“புட்டுவுக்கும் இந்த வீட்டுல சோறு இல்லன்னு சொல்லிட்டீங்களாப்பா?”

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டான். தபீதாள் இலை போட்டிருந்தாள். சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். முத்தாலம்மாள் வந்தாள். கூடையின் ஓரத்தில் காரப்பொடி தனியாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். சொன்னேன். பொட்டலத்தைத் திரும்பக் கூடைக்குள் வைத்துவிட்டாள். எனக்கு எதுவும் வாங்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஆறு, பத்து, இரண்டு, ஆறு. அந்தந்த நேரத்துக்குக் கால் தானாகச் சமையலறைக்குப் போகிறது.

மே 8, வியாழன்

ஜேசனின் போன் இல்லை. போன இரண்டு வாரமும் இல்லை. மாலையில் சரிதா பேசினாள், தபீதாளிடம்.

“அத்தை, அவர் சரியாவே சாப்பிட மாட்டேங்கிறார். தட்டுல போட்டா அளைஞ்சிட்டு எழுந்துடறார். நான் என்ன பண்றதுன்னு தெரியல.”

மே 11, ஞாயிறு

நேற்றே முத்தாலம்மாளிடம் சங்கரா சொல்லி வைத்தேன். தபீதாள் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். அவளுக்கு மூட்டுவலி, பஸ் மாறி வர முடியாது. டிபன் கேரியரை நான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சோழிங்கநல்லூரில் மாறி நாவலூர். ஏழாவது மாடி. இந்த ஒன்றேகால் வருடத்தில் நான் அந்த வீட்டைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சரிதா கதவைத் திறந்தாள். “வாங்க மாமா” என்றாள். நான் அவளிடம், “நல்லா இருக்கியாம்மா” என்றேன். அதைச் சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

ஜேசன் ஸோபாவில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. எழுந்து நின்றான். சாப்பிடுப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கேரியரை மேசைமேல் வைத்தேன். நகர்ந்து பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றேன்.

கீழே ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எண்ண ஆரம்பித்தேன். நாற்பது, ஐம்பது. பின்னால் நாற்காலி இழுக்கும் சத்தம். பிறகு கேரியரின் கொக்கி விடுபடும் சத்தம். சரிதா மெல்ல ஏதோ கேட்டாள். தட்டு வைக்கும் சத்தம், ஒன்று, இரண்டு.

நான் திரும்பவில்லை.

கொஞ்சநேரம் கழித்து மூன்றாவது தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.