சேலைப்பெட்டி அட்டையில் ஒரு சன்னல்

உன் மேசையைக் காலி செய்யும்படி சார் சொல்லிவிட்டார். மானிட்டருக்குப் பின்னால் கை விட்டபோது அந்த அட்டை கிடைத்தது. சேலைப்பெட்டியின் மூடி, நடுவில் நீ பிளேடால் அறுத்த சதுர ஓட்டை. புதுச்சேலையின் கஞ்சி வாசனை இன்னும் அதில் இருக்கிறது. துடைப்பதை விட்டுவிட்டு உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாளை நம் இணையக் கருவி புதிய வடிவில் வெளியாக வேண்டும். நீ எடுத்தெறிந்த சிவப்பு வட்டத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி சார் நச்சரித்துக்கொண்டிருந்தார். நீ இல்லாமல் அவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தவள் நீ. தறி நெய்துகொண்டிருந்த உன் நைனாவுக்குப் பக்கவாதம் வந்ததும் சொந்த ஊரான நகரிக்குத் திரும்பி, தினமும் ரயிலேறி இந்தத் திருப்பதி ஆபீசுக்கு வந்தாய். ஊரைவிட்டுப் போனவர்களை மட்டுமே மதிக்கும் காலம் இது. திரும்பி வந்தவளைப் பார்த்து உன் தெருவே உச்சுக்கொட்டியது. நீ அசரவில்லை. "போனவன்லாம் அங்க இன்னா ராக்கெட்டா உட்டுக்கினு கீறான்? அவனும் பட்டனுக்குக் கலர்தான்டி மாத்திக்கினு கீறான்" என்றாய்.

கடைக்காரரின் இணையப் பக்கத்தை ஆராய்ந்து, தேடலில் அது ஏன் மேலே வரவில்லை என்று சொல்வதுதான் நம் கருவியின் வேலை. பழைய வடிவத்தில் திரை முழுக்க வரைபடங்கள், சதவீதங்கள், நடுவே மதிப்பெண்ணோடு பெரிய சிவப்பு வட்டம். எல்லாம் ஆங்கிலம். திருமலைக்கு வருகிறவர் அறை தேடினால், இந்த ஊரிலேயே லாட்ஜ் நடத்துகிறவர் பெயர் வருவதில்லை. எங்கோ உட்கார்ந்து கமிஷன் அடிப்பவன் பெயர்தான் முதலில் வருகிறது. அடிபட்ட அந்த மனிதரிடம் போய் நாமும் சிவப்பைக் காட்டிப் பயமுறுத்தினோம். இந்தத் தொழிலே பாதி அப்படித்தான் பிழைக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் தெருமுனைச் சேலைக்கடை அக்காவிடம் என்னை அழைத்துப்போனாய். அவர் தன் கடைப் பக்கத்தைக் கருவியில் போட்டார். சிவப்பு வட்டத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வந்தது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாஸ்! முப்பத்தஞ்சுக்கு மேல கீதே. பத்தாவதுல கணக்குல கூட எனுக்கு இவ்ளோ வரலடி. இந்தா, முறுக்கு துன்னுங்க."

போனை மூடி வைத்துவிட்டார். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தாய். கடை வாசலில் தொங்கிய பேனரைப் போட்டோ எடுத்து அப்படியே போட்டிருந்தார். பெயர், ஊர் எல்லாமே படத்துக்குள். தேடலில் எப்படி அகப்படும்? நம் கருவிக்கு அது தெரிந்திருந்தது. எங்கோ ஒரு மூலையில் ஆங்கிலத்தில் முணுமுணுத்திருந்தது, அவ்வளவுதான்.

வரும்போது அக்காவிடம் ஒரு பெட்டி மூடியைக் கேட்டு வாங்கினாய். மறுநாள் ஓட்டை போட்டுத் திரையின்மேல் வைத்தாய். "இதுல தெரியறது மட்டுந்தான் நாம அவங்களுக்கு சொல்லப்போறது. மீதிலாம் நகரி அக்காவுக்கு எதுக்குடி, சொல்லு." அட்டையை ஒவ்வொன்றின்மேலும் நகர்த்தினாய். நான் கட்டிய வரைபடங்களும் சதவீதங்களும் ஒவ்வொன்றாக விழுந்தன.

"எல்லாத்தையும் எடுத்துட்டா டூலு மாதிரியே இருக்காதுடி!"

"எங்க நைனா தறில எத்தினி நூலு கீது? சேலை வாங்க வர்றவங்கள உக்காந்து எண்ணுன்னா சொல்றோம்?"

சார் உள்ளே வந்தார். "பயந்தாதாம்மா நம்மகிட்ட வருவாங்க."

"எங்க சார் பயந்தாங்க? அந்தக்கா பாஸ் ஆயிட்டு முறுக்கு குடுத்தாங்க."

அவரே சிரித்துவிட்டார். ஆனால் மனம் மாறவில்லை.

அந்த மழைக்காலத்தில், ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சாலையைக் கடக்கும்போது லாரி உன்மேல் ஏறியது. சாலையை அகலப்படுத்தியவர்கள் நடந்து போகிறவர் கடக்க இடம் விடவில்லை. காகிதத்தில் அது அழகாகத்தான் இருந்திருக்கும். யார் கடப்பார்கள் என்று ஒருவனும் கேட்டிருக்க மாட்டான். நீ கேட்டிருப்பாய்.

இன்று மாலை அட்டையை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். அவர் முன்னாலேயே சேலைக்கடை அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நான் அனுப்பிய சோதனை லிங்கில் புதிய வடிவத்தைத் திறக்கச் சொன்னேன். அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"'உங்கள் பக்கத்தில் எழுத்தெல்லாம் படமாக இருக்கிறது. தேடலுக்கு அது தெரியாது. கடைப் பெயரையும் ஊரையும் எழுத்தில் போடுங்கள்.' அட, இவ்ளோதானா? இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா கேடு உங்களுக்கு?"

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏய், போன வெச்சிடாத. நகரின்னு எங்க அடிக்கணும், சொல்லு."

சொன்னேன். அக்கா அடித்து முடித்துப் போனை வைத்தார். பிறகு சார், "வட்டம் வேணாம், உடும்மா" என்றார். நான் கதவருகே போனபோது, "ஓரமா ஒரு சின்ன வரைபடம் மட்டும்..." என்று இழுத்தார். அட்டையைத் தூக்கிக் காட்டினேன். சரி போ என்று கையசைத்துவிட்டார்.

உன் மேசை காலியாகிவிட்டது. உன் வீட்டுக்கு அனுப்பும் பொருள்களோடு அட்டையை மட்டும் கொடுக்கவில்லை. என் மானிட்டரின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். இனி எதையாவது சேர்க்கக் கை போகும்போதெல்லாம், "நகரி அக்காவுக்கு எதுக்குடி" என்பாய். பதில் இல்லையென்றால் அழித்துவிடுவேன்.