வேல்விழி எண்ணிய சரம்

தை 12

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா செல்லத்தாய் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் விடுதிச் சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனை ஏன் எடுப்பதில்லை என்று சேதி அனுப்பியிருந்தாய். உன் குரலைக் கேட்டால் எனக்குத் திட்ட வராது, அழுகைதான் வரும். அதனால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

வேல்விழியை வெள்ளிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. நடுவில் மூன்றும் போய்விட்டன. எட்டு வயதுப் பிள்ளை, கட்டுப் பிரித்ததிலிருந்து அந்தக் கையைப் பாவாடைக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறாள்.

நீ நல்லதைத்தான் நினைத்தாய், இல்லை என்று சொல்லவில்லை. டீச்சர் படிப்புக்கான பயிற்சிக்கு நம் ஊர்ப் பள்ளிக்கு வந்தாய். பாடத்தில் இருபதுவரைகூட எண்ணத் தெரியாத பிள்ளை, சரவெடி பின்னும்போது மட்டும் ஜோடி ஜோடியாக நூறுவரை எண்ணுகிறாளே என்று கண்டுபிடித்தாய். வெடிமருந்து ஏற்றாத காலிக் குழாய்களை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, மற்றப் பிள்ளைகள் போன பிறகு அவள் எண்ணிக்கொண்டே பின்னுவதை வீடியோ எடுத்தாய். "பள்ளிக்கொடம் விட்டதும் வீட்ல அம்மாகூடப் பின்னுவேன்" என்று அவள் பெருமையாகச் சொன்னதும் அதில் வந்துவிட்டது. காலேஜில் எல்லோரும் கைதட்டினார்களாம். அதோடு விட்டாயா? ஊரே பார்க்கும்படி போனில் போட வேண்டுமா, கூறு கெட்டவளே? வீட்டில் வைத்துச் சரம் பின்னினால் கேஸ் என்று பட்டாசுக்காரி வயிற்றில் பிறந்த உனக்குத் தெரியாதா?

அதிகாரிகள் வந்து பிள்ளையின் அம்மா குருவம்மாள் வீட்டுச் சரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அதோடு வீட்டில் வைத்துப் பின்னத் தெருவில் யாருக்கும் வேலை தர ஆளில்லை. கேஸ் இருப்பதால் குருவம்மாளை எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. கருவேலங்காட்டுக்குள் திருட்டுத்தனமாக நடக்கிற ஷெட்டுக்குப் போனாள். அரையாண்டு லீவில் பிள்ளையும் கூடப் போயிருக்கிறது. அங்கே காலிக் குழாய் கிடையாது, மருந்து ஏற்றியது பிள்ளை கையிலேயே வெடித்துவிட்டது.

இனி நான் செய்ததைக் கேள். வீடியோவில் உன் முகமும் இல்லை, குரலும் இல்லை, பேரும் இல்லை. அதை எடுத்தது வேல்விழியின் வகுப்பு டீச்சர் கற்பகவல்லி என்று தெருவில் சொன்னவள் நான்தான். "அக்கா பேரச் சொன்னா அக்காவப் போலீசு புடிச்சுட்டுப் போயிரும்" என்று வேல்விழியையும் மிரட்டி வைத்தேன். பிள்ளை இன்றுவரை வாய் திறக்கவில்லை.

தெருப் பெண்களெல்லாம் பள்ளி வாசலில் நின்று டீச்சரைக் கண்டபடி ஏசினார்கள். பதினோரு வருஷம் நம் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்ட மனுஷி. கூட்டத்தில் நின்ற என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். உன் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்றுதான் பேசாமல் போனார். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுபடி யாராவது கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். நீ என்னைப் போல் மருந்து அள்ளக் கூடாது.

நேற்று குருவம்மாள் பிள்ளையோடு வந்தாள். "அந்த டீச்சரம்மா எங்க குடியக் கெடுத்துட்டாக மதினி. இனி அந்தப் பள்ளிக்கொடத்த நம்ப மாட்டேன். நம்ம ஓவியா வரட்டும். இடது கையால எளுத அவ சொல்லிக்குடுத்தாப் போதும், எம் புள்ள பொளைச்சுக்கிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேல்விழி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரீட்சை முடிந்ததும் வருவாள் என்று சொல்லி அனுப்பினேன்.

வராதே தாயி. உனக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் கையைப் பார்த்த மறுநிமிஷம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாய். பரீட்சை எழுது. வேறு ஊரில் வேலை தேடு. சாத்தூர் பஸ்ஸில் மட்டும் ஏறிவிடாதே. பிள்ளை இப்போதே இடது கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, அக்கா எப்ப வரும் என்று தினமும் வாசலில் வந்து கேட்கிறது. அடுத்த லீவுக்கு வரும் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நீ எங்கேயாவது பிள்ளைகள் சூழ நல்ல டீச்சராக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
செல்லத்தாய்