இல்லாத குதிரைக்குப் போட்டோ கேட்டேன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் உடம்பும் மனசும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்கள் முதல் நினைப்பு. அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. துணி காயப்போட நான் போகிறேன் என்றால், நீங்க பிழியற பிழியலுக்குத் தண்ணியும் போகாது துணியும் மிஞ்சாது என்கிறாள். எதிர்வீட்டுத் தையல்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய்விட்டார், சாயங்காலம் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. உன் அறைக் கூரையைச் சரி செய்தாயிற்று, இனி ஒழுகாது. கட்டில் தெரியாத அளவுக்கு என் அட்டைப்பெட்டிகள்தான் அங்கே இப்போது, கோபித்துக்கொள்ளாதே, வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரே நாளில் ஒழித்துக் கொடுத்துவிடுவேன்.

அந்தப் பெட்டி வியாபாரத்தில் நடந்த ஒன்றைத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் விடுங்கப்பா என்று நீ முடித்துவிடுவாய். இணைய ஏலத்தில் பழைய சாமான் விற்க நீதான் எனக்கு அக்கவுண்ட் திறந்து கொடுத்தாய், வீட்டில் சும்மா இருந்தால் அம்மாவிடம் வம்புக்குப் போவேன் என்று. அதில் வருகிற ஆட்களைப் பற்றி உனக்கு எத்தனை கதை சொல்லியிருக்கிறேன். என் நல்ல ஃபேனை வாங்கிக்கொண்டு தன் வீட்டு ஓட்டை ஃபேனைத் திருப்பி அனுப்பிய மகானுபாவன், விடிய விடிய ஏலம் ஏற்றிவிட்டு ஜெயித்ததும் ஆளே காணாமல் போனவன், டார்ச் லைட் பகலில் எரியுமா என்று கேட்ட புத்திசாலி. எல்லோரையும் ஒரே மருந்தால்தான் சமாளித்தேன், பஸ் டிப்போ ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கற்ற மருந்து. பிரேக் லைனிங் தேய்ந்துபோச்சு சார் என்று மெக்கானிக் வந்து நின்றால், தேய்ந்ததைக் கொண்டா என்பேன். பழைய பாகம் கைக்கு வராமல் புதியது ஜன்னலைத் தாண்டாது. முதுகுக்குப் பின்னால் எனக்குக் கொண்டா சார் என்று பெயர் வைத்திருந்தார்கள், அதில் எனக்குப் பெருமைதான், என் ஸ்டாக்கில் ஒரு போல்ட் குறைந்ததில்லை.

தையல்காரர் போகும்போது ஒரு சதுரங்கப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார், நல்ல மரம், கடைசல் வேலை. முப்பத்திரண்டு காயையும் பலகையில் அடுக்கிப் போட்டோ எடுத்து ஏலத்தில் போட்டேன், ஒரு பெண் எடுத்தாள். பெட்டி போய்ச் சேர்ந்த மறுநாள் எழுதினாள், எல்லாம் பத்திரமா வந்துச்சு சார், ஒரு கறுப்புக் குதிரை மட்டும் இல்லை, அங்கே எங்கேயாவது விழுந்து கிடக்கான்னு பாருங்க, தபால் செலவு நானே தரேன் என்று. நான் எழுந்து தேடக்கூட இல்லை. கட்டுவதற்கு முன் எடுத்த படத்தில் முப்பத்திரண்டும் இருக்கிறது, குதிரை வரவில்லை என்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று எழுதினேன். காய்களை அடுக்கி, ஒரு கட்டம் காலியாக இருக்கிற மாதிரி போட்டோ அனுப்பினாள். ஒரு காயை உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் இப்படி எடுக்கலாம் என்று பதில் போட்டேன். அதற்கு அவள், இல்லாததை வேற எப்படி சார் போட்டோ எடுக்கிறது என்று கேட்டிருந்தாள். அம்மா தோளுக்கு மேலாக அதைப் படித்துவிட்டு, அவ கேக்கறது நியாயமாத்தானே இருக்கு என்றாள், உனக்கு வியாபாரம் தெரியாது என்று வாயை அடைத்தேன். பணத்தைத் திருப்பிக் கொடு என்று அந்தப் பெண் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, குதிரையைத்தான் கேட்டாள். ஏமாற்றுகிறவள் குதிரையை வாங்கி என்ன செய்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். கடைசியில் வாங்குகிறவர்களைத் திருடர் மாதிரி நடத்துகிறார் என்று ஏலத் தளத்தில் என் பெயருக்குக் கீழே எழுதிவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, அந்த முப்பத்திரண்டு காய்ப் படத்தைச் சேர்த்து ஏலக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். அவள் எழுதியதை அழித்தார்கள், அவள் அக்கவுண்ட்டையும் நிறுத்தினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் நான் அடித்த தம்பட்டம் நினைவிருக்கும். ஒருவேளை அவங்க சொன்னது நிஜமா இருந்தா என்னப்பா பண்ணுவீங்க என்று நீ கேட்டாய். நிஜமாக இருந்தால் ஆதாரம் இருக்காதா என்று சிரித்தேன். அதற்கு நீ, அம்மா கிட்ட குடுங்க என்றாய். லைன் சரியில்லை, நான் சொன்னது கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் எனக்குப் புத்தி.

போன மாதம் ஒரு மேஜை விளக்கின் உயரம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். அளந்து சொல்ல அடிக்குச்சி வைக்கிற தகர டப்பாவைத் திறந்தால், உள்ளே குதிரை படுத்திருக்கிறது. அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. காய் எவ்வளவு பெரிசு என்று ஏலத்தின் நடுவே யாரோ கேட்டதற்காக அந்த ஒரு குதிரையை மட்டும் அடிக்குச்சி பக்கத்தில் நிறுத்தி இன்னொரு படம் எடுத்தேன், இரண்டையும் சேர்த்து டப்பாவில் போட்டு மூடியவன் நானேதான். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், பார்த்தவுடன் டப்பாவை மூடிவிட்டேன். இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் அம்மா கத்தரிக்கோல் தேடப் போய் அதை எடுத்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் குதிரையை வைத்துவிட்டு, நம்ம பொண்ணு கிட்டயும் இதைத்தானே கேட்டீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணமாகி ஏழாம் மாதம் ஒரு மத்தியானம் கைப்பையோடு வந்து சமையலறையில் உட்கார்ந்தாயே, அதைத்தான் சொன்னாள். அடிக்கிறாரா என்று கேட்டேன், இல்லை என்றாய். குடிக்கிறாரா, வேறு ஏதாவது தொடர்பு இருக்கிறதா, பணம் கேட்கிறார்களா, ஒவ்வொன்றாகக் கேட்டேன், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாய். அந்த வீட்ல நான் ஒருத்தி இருக்கிறதே யாருக்கும் தெரியலப்பா, நாள் கணக்கா என்னோட யாரும் ஒரு வார்த்தை பேசறதில்லை என்றாய். இதெல்லாம் ஒரு குறையா, ஒரு காயம் இருந்தால் காட்டு, இப்பவே போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன் என்று நான் சொன்னேன். உன்னிடம் காட்டுவதற்கு என்ன இருந்தது. அன்று சாயங்காலமே உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு, பிரச்சினை ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கியவன் நான். அதற்கப்புறம் மூன்று வருஷம் அங்கே இருந்தாய், ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. வெளியே வந்த பிறகும் இந்த வீட்டுக்கு வராமல் வேலை தேடிக்கொண்டு அத்தனை தூரம் போனாய். காய்ச்சல் வந்தால்கூடத் தணிந்து இரண்டு வாரம் கழித்து அம்மாவிடம்தான் சொல்கிறாய். பெண் கெட்டிக்காரி, தைரியசாலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாய் என்பது எனக்குப் புரியவில்லை.

குதிரையைப் பஞ்சில் சுற்றி, தப்பு முழுக்க என்னுடையது என்று கடிதம் வைத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். ஏலக் கம்பெனிக்கும் எழுதினேன், முடிந்துபோன புகாரைத் திரும்பத் திறக்க முடியாதாம், மூன்று தடவை கேட்டும் அதே பதில். அவளிடமிருந்து நேற்று நாலு வரி வந்தது. அவளுடைய அண்ணன் நோயாளி, படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதவர், அவருக்காகத்தான் வாங்கினாளாம். குதிரை வந்து சேர்ந்துச்சு, இத்தனை நாளா மருந்து பாட்டில் மூடியை வெச்சு ஆடினோம், மூடியில ஒண்ணும் கஷ்டமில்லை சார், பொய் சொல்றேன்னு நீங்க முடிவு கட்டினதுதான் தாங்க முடியலை என்று எழுதியிருந்தாள். மன்னித்ததாக ஒரு எழுத்து இல்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அம்மாடி, மன்னிப்பு உன்னிடமும் கேட்கவில்லை. நடந்துபோன மூன்று வருஷத்தை எந்தத் தபாலில் வைத்து உனக்கு அனுப்புவேன். அன்றைக்குச் சமையலறையில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன், நீ சொன்னது நிஜம். நீ சொன்ன அன்றைக்கே அது நிஜம்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலை நனைந்தபடி வெளியே போகாதே. எங்கிருந்தாலும் உன்னைச் சுற்றி உன்னோடு பேசுகிற மனிதர்கள் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கம்போல மாடியில் இருப்பாள், போனை நான்தான் எடுப்பேன். அவளைக் கூப்பிடச் சொல்லாதே, கொஞ்ச நேரம் என்னிடம் பேசு.

உன் அப்பா