மச்சான் பற்றவைத்த ஒயர்கள்

13.10.2005, வியாழன்

கடைக்காக நானும் மச்சான் செல்வமும் சேர்ந்து செய்த வீடியோ கேம் பெட்டி இன்று மானத்தை வாங்கிவிட்டது. பொத்தான்களின் ஒயரையெல்லாம் பழைய கீபோர்டில் பற்றவைத்தது அவர்தான். அதன் பெரிய பிளக் புதிய கம்ப்யூட்டரில் நுழையாது என்பதால், நடுவில் தேனியில் வாங்கிய குட்டி அடாப்டரை மாட்டியிருந்தோம். பூசைக்காக எல்லாவற்றையும் கழற்றி வைக்கும்வரை நன்றாக ஓடியது. இன்று மறுபடி மாட்டினால் ஒரு பொத்தானும் வேலை செய்யவில்லை.

"ஒங்களுக்கு எந்த வேலையும் உருப்படியா வராதா மச்சான்?" என்று ஆட்கள் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"சரி மாப்ள" என்றார். சாப்பிடாமலே சின்னமனூர் பஸ் ஏறிவிட்டார்.

அத்தனை ஒயரையும் பிடுங்கி நானே மறுபடி பற்றவைத்தேன். விரல் சுட்டதுதான் மிச்சம்.

சோறு போடும்போது மனைவி கேட்டாள்: "சரஸ்வதி பூசையன்னைக்கு அந்தக் குட்டிச் சாமானுக்கும் சந்தனம் வச்சீகளே, தொடச்சீகளா?"

கழற்றிப் பார்த்தேன். அடாப்டரின் ஓட்டைகளில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. குண்டூசியால் சுரண்டியதும் எல்லாப் பொத்தானும் வேலை செய்தது.

தன் அண்ணன் ஏன் சாப்பிடாமல் போனார் என்று அவள் இன்னும் கேட்கவில்லை.