மூன்று போனுக்குத்தான் இடம்

லோத்குண்டா
20-1-2013, ஞாயிறு

சௌபாக்யவதி ப்ரியம்வதாவுக்கு அம்மா மனதார ஆசீர்வதித்து எழுதுவது. என் இடது முழங்காலைச் சேர்க்காமல் சொன்னால் இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சந்தீப்பும் குழந்தை ஸ்ரேயாவும் ஜலதோஷம் இல்லாமல் இருக்கிறீர்களா, உனக்கு மசக்கை வாந்தி அடங்கியதா, இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று விவரமாக எழுது. தினமும்தான் போனில் பேசுகிறோமே, அம்மா எதற்குத் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், அந்தப் பக்கம் ஸ்ரேயா அழுகிறாள், நீ ஒன் மினிட் அம்மா என்று போய்விடுகிறாய், திரும்பி வந்து சரிதானே அம்மா என்று கேட்டால் எதற்கென்றே தெரியாமல் சரி என்கிறேன். போனில் எனக்கு முதலில் வாயில் வருவது சரி என்பதுதான். இமெயில் அனுப்பலாம் என்றால் அதன் பாஸ்வேர்டு உன் அப்பாவிடம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி, நடுவில் எழுந்து போகாதே.

பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. வீட்டு வேலைக்கு வரும் நாகம்மா சங்கராந்திக்கு ஊருக்குப் போனவள் இன்னும் வரவில்லை, இரண்டு நாள் என்றாள், ஏழு நாளாகிவிட்டது, பாத்திரமும் பெருக்கித் துடைப்பதும் என் தலையில்தான். உன் அப்பா ரிடையர் ஆனதிலிருந்து பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார், சாயங்காலம் காலனிப் பூங்காவில் நாற்பது நிமிஷம் நடக்கிறார். பண்டிகையன்று காய் நறுக்கித் தரட்டுமா என்று கேட்டார், நான் தலையாட்டுவதற்குள் மாடியில் பட்டம் விடுகிறவர்களை அதட்டக் கிளம்பிவிட்டார். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன ஆகஸ்டில் நீ வந்திருந்தபோது உன் பாட்டுச் சந்தாவை என் போனிலும் போட்டுக்கொடுத்தாய். வீட்டு வைஃபையில் பாட்டை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத இடத்திலும் கேட்கலாம், ஆனால் இப்படி இறக்கி வைக்க ஒரு சந்தாவுக்கு மூன்று கருவிதான், ஒன்று உன்னுடையது, ஒன்று அப்பாவுடையது, ஒன்று என்னுடையது என்று சொன்னாய். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து, போகும்போது கேட்க ஒரு வரிசை, வரும்போது கேட்க ஒரு வரிசை என்று சேர்த்துச் சேர்த்து நூற்று நாற்பது பாட்டு ஆகிவிட்டது. காலையில் பஸ் ஏறினால் கன்டோன்மென்ட் மதில் முடியும்வரை டவரே கிடைக்காது, அப்புறம் பாலாநகர் நெரிசல், ராமச்சந்திராபுரம் ஃபாக்டரி கேட் வர ஒன்றேகால் மணி நேரம். முப்பத்தைந்து வருஷமாக இந்தக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். அதில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்திருக்கிறேன், பட்டாணி உரித்திருக்கிறேன், உன் யூனிஃபார்முக்குப் பட்டன் தைத்திருக்கிறேன், அக்கம்பக்கத்து சீட்டுக்காரர்களின் மாமியார் கதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். காதில் அந்த ஒயரை மாட்டிக்கொண்ட பிறகுதான் யாரும் என்னிடம் எதுவும் கேட்காமலிருந்தார்கள். போக ஒன்றேகால், வர ஒன்றரை, அந்த நேரத்தில் நான் ஒருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை காலை போனை அமுக்கினால் பாட்டின் பெயரெல்லாம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, ஒன்றும் பாடவில்லை. இங்கிலீஷில் ஏதோ வந்தது, பையில் கண்ணாடியைத் தேடுவதற்குள் போய்விட்டது. பக்கத்து சீட்டில் டிராயிங் ஆபீஸ் மங்கையர்க்கரசி இருந்தாள், அவள் வாங்கி இன்னொரு தடவை அமுக்கிப் படித்துவிட்டு, இந்த போனைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்களாம் என்றாள். டென்ஷன் ஆகாதே கல்பகம், எங்கயாவது கை பட்டிருக்கும், வீட்டுக்குப் போய் நெட்டுல போட்டா வந்துரும் என்று தேறுதலும் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எதையோ தப்பாக அமுக்கிக் கெடுத்துவிட்டேன், உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். வியாழக்கிழமை நீ வற்றல்குழம்புக்குப் பக்குவம் கேட்டபோதுகூட இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன், உப்பு அளவு தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை உன் அப்பாவிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், ஓ அதுவா, ப்ரியா போன வாரமே சொன்னாளே, குழந்தையோட டேப்லெட்டுக்கு இடம் வேணுமாம், கார்ல போறச்சே ரைம்ஸ் இல்லேன்னா அழறதாம், அதான் உன்னோடதை எடுத்துட்டா, நீதான் மே மாசத்தோட பஸ்ஸை விடப்போறியே, அப்புறம் உனக்கு எதுக்கு என்றார். நான் பஸ்ஸை விடப்போகிறேன் என்று யார் சொன்னது என்று கேட்டேன். அவர் எழுந்து போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். விருப்ப ஓய்வு விண்ணப்பம். மூன்று மாத நோட்டீஸ் வேண்டுமாம், பிப்ரவரிக்குள் கொடுத்தால்தான் மே கடைசியில் கிளம்பி, ஜூன் கடைசியில் உன் பிரசவத்துக்கு இருந்து, ஆறு மாதம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமாம். என் பெயர், ஸ்டாஃப் நம்பர், சேர்ந்த தேதி, காரணம் என்ற இடத்தில் குடும்பச் சூழ்நிலை, எல்லாம் அவருடைய முத்து முத்தான எழுத்தில். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. டிசம்பரிலிருந்து நீங்கள் இருவரும் பேசிவருகிறீர்களாம். நடுவில் ஒரு நாள் என்னையும் கேட்டாயாம், நான் சரி என்றேனாம். சொல்லியிருப்பேன்.

பாட்டுக்காகக் கோபப்படுகிறேன் என்று நினைக்காதே ப்ரியா. குழந்தை அழுகிறாள் என்று சொல்லியிருந்தால் நானே எடுத்துக்கொள் என்றிருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் எனக்குத் தாளவில்லை. நாள் முழுக்க வைஃபைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் போன் இருக்கட்டும், டவர் இல்லாத வழியில் தினமும் போய் வருகிறவளுடையதை எடுக்கலாம் என்று உனக்கு எப்படியம்மா தோன்றியது? பஸ்ஸில் உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன், வேறு என்ன செய்வது, காதுதான் சும்மா இருந்ததே. நீ யோசித்துச் செய்யவில்லை என்று தெரியும். என் விஷயத்தில் யாரும் யோசிப்பதில்லை, நானும் யாரையும் யோசிக்க விட்டதில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நீ பிறந்த மூன்றாம் மாதமே நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பாலாநகர் வருவதற்குள் ரவிக்கை நனைந்துவிடும், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பேன். உன் ஸ்கூல் விழா பாதிக்கு மேல் நான் பார்த்ததில்லை. நீ ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை, ஆனாலும் அப்போது கூட இல்லாத அம்மா இப்போதாவது இருக்கட்டும் என்று உனக்கு இருக்கும். நியாயம்தான். அதற்காகவே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேனாவைக்கூட எடுத்தேன். போட முடியவில்லை. உன்னை விட்டுவிட்டுப் போன அந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தால், அன்றைக்கு எதற்குப் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அடுத்த வருஷம் ஜூலையில் அறுபது முடிகிறது, இன்னும் பதினெட்டு மாதம். எனக்கு அசதியாகத்தான் இருக்கிறது, பஸ் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுதான் ஏறுகிறேன், டிரைவர் ஜேம்ஸ் பாவம் பொறுத்துக்கொள்கிறார். அசதியாக இருந்தால் விட்டுவிடேன் என்பாய். அசதி வேறு, விடுவது வேறு.

அதனால் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். உன் அப்பா நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை, காபியைத் தானே போட்டுக்கொள்கிறார், அதுவும் நல்லதுதான். எனக்கு லீவு சேர்ந்திருக்கிறது, அறுபது நாள் கேட்டு நாளைக்கே எழுதிக் கொடுக்கப்போகிறேன். ஜூன் ஒன்பதாம் தேதி கிளம்பி வருகிறேன். உனக்குப் பத்தியச் சமையல், பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, ஸ்ரேயாவுக்கு ஊட்டுவது எல்லாம் அந்த அறுபது நாளும் என் பொறுப்பு, நீ ஒரு துரும்பை நகர்த்த வேண்டாம். அதற்குப் பிறகு உன் மாமியாரைக் கூப்பிடு, மனுஷி நல்லவர், காரம் மட்டும் கொஞ்சம் தூக்கலாகப் போடுவார். உன் அப்பா வேண்டுமானால் ஆறு மாதமும் அங்கே இருக்கட்டும், ரிடையர் ஆனவர் அவர்தானே.

இன்று காலை அவரிடம் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டுத்தான், அவர் போனை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து என்னுடையதைச் சேர்த்தேன். ஸ்ரேயாவுடையதைத் தொடவில்லை. ஒவ்வொரு இடத்தையும் மாதத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற விடுவார்களாம், அதனால் நீ அவசரப்பட்டு எதையும் அமுக்காதே. பழைய நூற்று நாற்பதும் போயே போய்விட்டது, முதலிலிருந்து தேடி இறக்கிக்கொண்டிருக்கிறேன், இதுவரை பதினொன்று ஆகியிருக்கிறது.

படித்துவிட்டு அழுவாய், தெரியும். அழுதுவிட்டுச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு இருக்காதே. கோபம் ஆறியதும் என் போனுக்குக் கூப்பிடு, ஸ்பீக்கர் போட மாட்டேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், ஸ்ரேயாக் குட்டிக்கு என் முத்தம். நீ நல்லபடியாகப் பெற்றெடுத்து, இரண்டு குழந்தைகளோடும் நூறு வயது நிறைவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, எனக்கு டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வருகிற தேதியையும் சேர்த்தே எடு. ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் நான் இங்கே இறங்கிவிட வேண்டும், பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை எனக்கு ஆபீஸ் இருக்கிறது.

உன் அம்மா,
கல்பகம்